இறுக்கிக் கட்டாதே, மகள்

கிளிநொச்சி

அன்புள்ள மகளுக்கு,

தலைமயிரைத் தோள் மட்டத்துக்கு வெட்டப்போவதாகத் தங்கச்சியிடம் சொன்னாயாம். காலையில் பின்னுவதற்கு நேரமில்லை, குதிரைவால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் மத்தியானத்துக்குள் தலையிடி வருகிறது என்றும் சொன்னாயாம். வெட்டுவது உன் விருப்பம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் தலையிடிக்காகத்தான் வெட்டுவதென்றால் கொஞ்சம் பொறு. உனக்குத் தலையிடி தருவது நீளம் இல்லை, நீ கட்டுகிற விதம். போனில் சொன்னால் "சரியம்மா, சரியம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக இருக்கிற நேரம் வாசி.

நீ இன்னும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை மாதிரியே தலை இழுக்கிறாய். எண்ணெய் வைத்து, நடு உச்சி பிரித்து, ஒரு மயிர்கூட வெளியே நிற்காமல் வாரி, இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டி ரிப்பன் வைத்தால்தான் வாசலில் நின்ற மாணவத் தலைவிகள் உள்ளே விடுவார்கள். அந்த இறுக்கத்துக்கு அப்போது ஒரு தேவையும் இருந்தது. புழுதி றோட்டில் சைக்கிள் ஓடிப் போய், படித்து, விளையாடி, வெயிலில் திரும்பி வரும்வரை தலை குலையாமல் இருக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் பேனும் தொற்றக்கூடாது. ஆனால் இரட்டைப் பின்னலில் பாரம் இரண்டு பக்கமும் பிரிந்துவிடும். அதே இறுக்கத்தோடு இடுப்பளவு மயிரை ஒரே இடத்தில் சேர்த்து உயரத்தில் கட்டினால், முழுப் பாரமும் அந்த ஒரு இடத்தில்தான் தொங்கும். ரொறன்ரோவில் உன்னை வாசலில் மறித்து உச்சி நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒருவரும் இல்லை.

இது நான் என் பாட்டில் சொல்வதில்லை. உன் தம்பியிடம் கேட்டேன், அவன் தேடி வாசித்துக் காட்டினான். பிளௌ என்ற லண்டன் வைத்தியர் 2004 இல் 93 பெண்களிடம் குதிரைவால் கட்டினால் தலையிடிக்கிறதா என்று விசாரித்திருக்கிறார். 50 பேர் ஆம் என்றார்களாம். மயிருக்கு நோவு தெரியாது. அதன் வேரைச் சுற்றியிருக்கிற தோலும் தோலுக்குக் கீழே இருக்கிற சவ்வும் இழுபடும்போதுதான் நோகிறது. கட்டை அவிழ்த்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் தணியும். பனடோல் குளிசை போடுவதற்கு முதல் தலையில் போட்ட பாண்டை அவிழ்த்துப் பார்.

தலையிடியை விட எனக்குப் பயம் தருவது வேறொன்று. வருஷக்கணக்காக ஒரே இடத்தில் இழுத்துக் கட்டினால் நெற்றியோரத்திலும் கன்னப்பொறியிலும் மயிர் மெலிந்து உதிரத் தொடங்கும். கிறீன்லாந்துப் பெண்கள் இறுக்கமான குதிரைவால் கட்டி முன்மயிர் இழந்ததை 1907 இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் கட்டைத் தளர்த்தினால் திரும்ப முளைக்கும். கனகாலம் விட்டால் வேரே செத்துப்போகும், பிறகு எந்த எண்ணெயும் உதவாது. கண்ணாடிக்கு முன்னால் நின்று உன் நெற்றியோரத்தை ஒருக்கால் வடிவாகப் பார். சின்னச் சின்னப் பருக்கள் மாதிரி வந்தாலோ, தொட்டால் நொந்தாலோ, அந்த இடத்தில் இனிக் கட்டாதே.

உன் தலைமயிரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009 இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாமில் குடிக்கத் தண்ணீர் எடுக்கவே வரிசையில் நின்ற காலத்தில், உன் தலையை ஒட்ட வெட்டிவிட்டேன். முழுக வார்க்கத் தண்ணீர் இல்லை. அங்கே சின்னப்பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அப்படித்தான். ஊருக்குத் திரும்பி, கிணறு இறைத்து, வெந்தயமும் செம்பரத்தை இலையும் அரைத்துப் பூசி, சீயக்காய் போட்டு முழுகவார்த்து வளர்த்த தலை இது. மயிர் மாதம் ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். அப்படிப் பார்த்தால் இப்போது உன் இடுப்பில் தொடுகிற நுனி நீ கனடாவுக்குப் போக முதலே, இங்கே எங்கள் கிணற்றுத் தண்ணீரில் முளைத்தது. வெட்டாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நுனிக்கு வயது கூட என்பதற்காகச் சொல்கிறேன். வேரோரத்து மயிர் தாங்குகிற இழுவையை நுனி தாங்காது. நுனியில் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டாலே சிக்கு பாதியாகக் குறையும்.

சரி, கட்டுகிற விதத்துக்கு வருகிறேன்.

முதலில் அகலப் பல்லுச் சீப்பால் நுனியிலிருந்து சிக்கு எடுத்துக்கொண்டு மேலே வா. சிக்கு எடுத்ததும் சீப்பை வைத்துவிடு, இனி விரல்தான். சீப்பு எல்லா மயிரையும் ஒரே சீராகப் படிய வைக்கும். விரல் அங்கங்கே கொஞ்சம் எழும்ப விடும், அந்த எழும்பல்தான் அழகு. நிமிர்ந்து நின்று நாடியைச் சற்று மேலே தூக்கிக்கொண்டு பிடரியில் சேர்த்துப் பிடி. குனிந்துகொண்டு கட்டினால் நிமிரும்போது பிடரிப்பக்கம் தொளதொளவென்று தொங்கும். பாண்டை இரண்டு சுற்றோடு நிறுத்து. மூன்றாவது சுற்றுக்குக் கை தானாகப் போகும், விடாதே. பாண்டுக்குள் உன் சின்னவிரல் நுழைய வேண்டும், அதுதான் கணக்கு. பிறகு ஒரு கையால் பாண்டைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் உச்சியில் மயிரை மெல்லக் கிள்ளி மேலே எழுப்பு. கன்னப்பொறியில் இரண்டு மெல்லிய கற்றையை வெளியே விடு. பாண்டு தெரியக்கூடாதென்றால், வாலின் கீழிருந்து விரல்மொத்தத்தில் ஒரு கற்றை எடுத்துப் பாண்டைச் சுற்றி மூடி, நுனியைக் கீழ்ப்பக்கமாகக் கறுத்தக் கிளிப்பால் குத்து. வேலைக்கும் போகலாம், கலியாணவீட்டுக்கும் போகலாம். இதைப் பார்த்தால் அம்மம்மா "தலை பறக்குது பிள்ளை" என்பா. சொல்லட்டும்.

உன் தலைக்கு எனக்கு மிகவும் பிடித்தது உள்ளே விட்டு எடுக்கிற முறை. பிடரியில் கட்டிய பாண்டை ஒரு அங்குலம் கீழே இறக்கு. அதற்கு மேலே இருக்கிற மயிரை விரலால் நடுவில் பிரித்து ஓட்டை செய். முழு வாலையும் மேலிருந்து அந்த ஓட்டைக்குள் விட்டுக் கீழே இழுத்துவிடு. இரண்டு பக்கமும் மயிர் தானாக முறுகிப் படியும். பாண்டு தளர்வாகவே இருந்தாலும் அந்த முறுக்கு வாலை விழவிடாது.

உயரத்தில்தான் வேண்டும் என்று ஆசைப்படுகிற நாளில் ஒன்றாகக் கட்டாதே. மேல்பாதியை உச்சிக்குப் பின்னால் தனியாகக் கட்டு. கீழ்ப்பாதியை அதற்கு நேர்கீழே நாலு விரல் தள்ளிக் கட்டு. மேல்வால் கீழ்வாலை மூடிவிடும், பார்க்கிறவர்களுக்கு ஒன்றுதான் தெரியும். பாரம் இரண்டாகப் பிரியும், வாலும் அடர்த்தியாகத் தோன்றும். மேல்வால் தாழ்ந்தால், கட்டுக்குக் கீழே இரண்டு கறுத்தக் கிளிப்பை நிறுத்திக் குத்து, தூக்கிப் பிடிக்கும்.

பஸ்ஸுக்கு ஓடுகிற நாளில் வாலை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் வலப்பக்கமாக முறுக்கி, பிறகு ஒன்றோடொன்றை இடப்பக்கமாகச் சுற்று. தும்புக் கயிறு திரிக்கிற அதே முறை. ஒரு முறுக்கு மற்றதை அவிழவிடாமல் எதிர்த்து நிற்கும். பின்னலை விடச் சுறுக்காக முடியும். இதுவும் முடியாவிட்டால் வால் நீளத்துக்கு ஒரு சாண் விட்டு ஒரு பாண்டாகப் போட்டு, இடையில் இருக்கிற மயிரைக் கொஞ்சம் ஊத விடு.

தம்பி அறிவியல்நகர் வளாகத்தில் எஞ்சினியரிங் படிக்கிறதால் இதற்கும் ஒரு கணக்குச் சொன்னான். 2012 இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரேமண்ட் கோல்ட்ஸ்டீனும் இன்னும் இரண்டு பேரும் குதிரைவாலின் வடிவத்துக்குச் சமன்பாடே எழுதினார்களாம். மயிரின் விறைப்பு, அதில் இயல்பாக இருக்கிற சுருள், புவியீர்ப்பு மூன்றும் சேர்ந்துதான் வால் எவ்வளவு விரியும், எங்கே ஒடுங்கும் என்று தீர்மானிக்கிறது. நீளம் குறைந்த வால் விறைப்பால் விரிந்து நிற்கும், நீள வாலைப் பாரம் கீழே இழுத்து ஒடுக்கும். அந்த நீளக் கணக்குக்குக் கதையில் வருகிற நீளமயிர்ப் பெண் ராபன்ஸலின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஓடும்போது தலை மேலும் கீழும்தான் ஆடினாலும் வால் பக்கவாட்டில் ஆடுவதற்கு ஜோசப் கெல்லர் என்ற கணிதப் பேராசிரியர் காரணம் கண்டுபிடித்தாராம். நான் இதிலிருந்து எடுத்தது இதுதான்: உன் நீளத்துக்கு வால் ஒடுங்குவது இயற்கை. அடர்த்தியாகத் தெரியட்டும் என்று மேலே இழுத்து இறுக்குவதில் பிரயோசனமில்லை, நடுவில் முறுக்குவதும் பிரித்துக் கட்டுவதும்தான் வழி.

ஈரத்தலையில் கட்டாதே. இங்கேயென்றால் முழுகிவிட்டு முற்றத்தில் வெயிலில் நின்று காயவைக்கலாம். அங்கே காலையில் முழுகிவிட்டு அப்படியே கட்டிக்கொண்டு ஓடுகிறாய் என்று தெரியும். ஈரமயிர் இழுத்தால் நீளும், சுலபமாக அறும். இரவில் முழுகு, நன்றாகக் காய்ந்த பிறகு தளரப் பின்னிக்கொண்டு படு. காலையில் அவிழ்த்தால் அலையலையாக விழும், விரலால் சேர்த்து ஒரு பாண்டோடு வேலை முடியும். குளிர்காலத்தில் கம்பளித் தொப்பி போடுகிற நாளில் உயரக் கட்டாதே, பிடரியில் கட்டு. நுனியைக் கோட்டுக்கு வெளியே விடாமல் உள்ளே வை, கம்பளியில் உரசினால் நுனி வெடிக்கும்.

கடையில் வாங்குகிற மெல்லிய ரப்பர் பாண்டுகளை எறிந்துவிடு. நான் தையல்கடையில் மிஞ்சிய சாட்டின் துண்டுகளிலும், உன் பெரியம்மா தந்த பழைய பட்டுச்சேலையிலும் சுருக்குப் பாண்டுகள் தைத்திருக்கிறேன். இந்தச் சுருக்குப் பாண்டைக் கண்டுபிடித்தவ அமெரிக்காவில் பாட்டுப் பாடின ரொமி ரெவ்சன் என்ற ஒரு பெண்தான். தலைமயிரை அறுக்காத மிருதுவான கட்டு வேண்டும் என்று தனக்காகச் செய்து, 1987 இல் காப்புரிமையும் எடுத்தா. செய்வது சின்ன வேலை. இருபது அங்குல நீளம், நாலு அங்குல அகலத் துணியை உட்புறமாக மடித்துத் தைத்துப் புரட்டி, எட்டு அங்குல இலாஸ்ரிக்கை உள்ளே கோர்த்து முடிவது. அங்கே யாராவது சிநேகிதிக்குத் தையல் தெரிந்தால் இந்த அளவைக் கொடு.

மாமா அடுத்த கிழமை கொழும்பால் அங்கே வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். கறுப்பும் மண்ணிறமும் வேலைக்கு. பட்டுக்கரை வைத்தது தீபாவளிக்கு. நீலம் உன் கூட இருக்கிற பிள்ளைக்கு. கட்டிப் பார்த்துப் படம் அனுப்பு, பின்பக்கமும் எடு. பாண்டு இறுக்கினால் சொல்லு, அடுத்ததுக்கு இலாஸ்ரிக்கை ஒரு அங்குலம் கூட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா