பசி இல்லாத அந்த ஒரு வருடம்

தம்பி,

எடை குறைக்கிற ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று என்று நேற்று போனில் சொன்னாய், நான் "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உன் அப்பா பக்கத்தில் இருந்தார், என் குரல் மாறினால் அவர் பயந்துவிடுவார். எடை எவ்வளவு குறையும் என்பதை டாக்டர் சொல்லியிருப்பார், சாப்பாடு என்ன ஆகும் என்பதை நான் சொல்கிறேன்.

எனக்குச் செய்தது ஸ்லீவ் என்கிற ஆபரேஷன். இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எடுத்துவிடுவார்கள், பசியைத் தூண்டுகிற கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் சுரக்கிறது. ஐம்பது வருடமாகக் காலையில் வயிற்றைக் கிள்ளிய பசி திடீரென்று இல்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், ஆனால் பயமாகத்தான் இருந்தது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். உனக்குச் செய்யப்போகும் பைபாஸில் எதையும் எடுப்பதில்லை, இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்துக் குடலோடு சேர்ப்பார்கள், ஆனாலும் போதும் என்று மூளைக்குச் சொல்கிற ஹார்மோன்கள் கூடுவதால் பசி மட்டுப்படும்.

ஆசை மட்டும் அப்படியே இருக்கும், தம்பி. மூன்றாவது வாரம், மசித்த பருப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கும் வாசனை வந்தது, துளிப் பசியில்லை, ஆனால் அழுகை வந்துவிட்டது.

இரண்டாவது மாதம் அவசரத்தில் சாம்பார் சாதம் இரண்டு கவளம் விழுங்கினேன். நெஞ்சுக்குழியில் கல் மாதிரி நின்றது, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறியது, கீழே தள்ளலாம் என்று தண்ணீர் குடித்ததும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அன்றிலிருந்து ஊறுகாய்க் கிண்ணமும் டீ ஸ்பூனும்தான், ஒரு இட்லிக்கு 25 நிமிடம். தண்ணீர் அரை மணி நேரம் கழித்துத்தான்.

நாக்கும் மாறியது. மைசூர்பாகு ஒரு கடியிலேயே திகட்டிவிட்டது, இத்தனை வருடம் குடித்த காபி கசந்தது. பைபாஸில் இனிப்பு சாப்பிட்டால் சிலருக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும், அதை டம்பிங் என்பார்கள், வந்தால் பதறாமல் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்.

முட்டை, மீன், தயிர், பருப்பு முதலில், இடம் இருந்தால் சாதம். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்று டயட்டீஷியன் சொன்னார், நான் அலட்சியமாக இருந்தேன், நாலாவது மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை ஆயுசுக்கும் விடக்கூடாது.

ஒரு வருடத்துக்கு அப்புறம் பசி மெல்லத் திரும்பியது. இதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை, அதனால்தான் இந்தக் கடிதமே. கோழிக்கறி அடைக்கும், ஆனால் முறுக்கும் மிக்சரும் மென்றதும் மாவாகி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். டிவி பார்த்துக்கொண்டே தினமும் கொறித்ததில் எனக்கு நாலு கிலோ ஏறிவிட்டது. பசி இல்லாத அந்த மாதங்களிலேயே நிதானமாக மெல்லுவதையும் நேரத்துக்குச் சாப்பிடுவதையும் பழகிவிடு, நான் அந்தக் காலத்தை வீணாக்கிவிட்டேன்.

உன் மனைவியிடம் சொல்லிவை, "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்த வேண்டாம். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடுகிறேன், அந்த ஊறுகாய்க் கிண்ணத்தையும் ஸ்பூனையும் பையில் வைத்தாயிற்று.

அம்மா