எங்கள் கோழி வளர்ப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசியை மிருக வைத்தியரின் உதவியோடு மழைக்கு முன்பே போட்டு முடித்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு கூட்டத்துக்குக் கூட்டம் பேச்சு கருங்கோழியிலேயே வந்து நின்றதால், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கொழும்பில் இப்போது கறுத்த குஞ்சு எதுவானாலும் கடக்நாத் என்றே விலைபோகிறது. கறுப்பு முட்டை இடும் என்று சொல்லி நம் அங்கத்தவர் ஒருவருக்கு ஒரு சோடியை விற்றிருக்கிறார்கள். கடக்நாத்தின் தாய்மண் இந்தியாவில் மத்தியப் பிரதேசத்து ஜாபுவாப் பகுதி. பில், பிலாலா மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இனம் அது. 2018இல் அதன் இறைச்சிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோல், சதை, எலும்பு எல்லாம் கறுத்திருக்கும். முட்டை மட்டும் வெளிர் பழுப்பு, இரத்தம் சிவப்பு.

இந்தக் கறுப்பின் காரணத்தை 2011இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. 20ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி இரட்டித்துவிட்டது. எண்டோதீலின் 3 என்ற பரம்பரையலகு அங்கேதான் இருக்கிறது. அதன் சுரப்பு கூடும்போது, கருவில் நிறம் தரும் கலங்கள் அளவுக்கு மீறிப் பெருகி, வழமையாகப் போகாத உள்ளுறுப்புகள் வரை பரவிவிடுகின்றன. சீனத்து சில்க்கி, இந்தோனேசியாவின் அயாம் செமானி, வியட்நாமின் மொங் கருங்கோழி, சுவீடனின் கருங்கோழி என்று ஆராய்ந்த அத்தனை இனங்களிலும் அதே மாற்றம். எங்கோ ஒரு முறை நேர்ந்து, மனிதரோடு கடல் கடந்திருக்கிறது என்பதை நினைக்க எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

ஆகவே கறுப்பு மட்டும் இனத்துக்குச் சான்றாகாது. காலைப் பாருங்கள்: ஐந்து விரலும் தலையில் இறகுக் கொண்டையும் இருந்தால் சில்க்கியின் கலப்பு என்று சந்தேகிக்கலாம். கடக்நாத்துக்கு நான்கு விரல், தலையில் ஒற்றைச் சதைப் பூ.

கலப்பில் இன்னொரு புதிரும் உண்டு. கறுப்பை மறைக்கும் பரம்பரையலகு ஒன்று இசட் என்ற இலிங்க நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பேடு தன் ஒரே இசட்டைத் தகப்பனிடமிருந்தே பெறுகிறது; சேவலுக்குத் தாயிடமிருந்தும் ஒன்று வரும். அதனால் கருஞ்சேவலை வெளிர்க்கால் பேட்டோடு விட்டால் பேட்டுக்குஞ்சுகள் கறுக்கும், சேவற்குஞ்சுகள் வெளிறும். சோடியை மாற்றினால், வெளிர்க்கால் சேவலுக்கும் கரும்பேட்டுக்கும் பிறப்பவை பெரும்பாலும் வெளிறியே வரும். பரம்பரையியல் ஆய்வாளர்கள் பேட்சனும் பன்னெட்டும் 1911இலேயே சில்க்கியையும் லெகோர்ன் இனக் கோழியையும் சேர்த்து இதைக் கண்டார்கள். கொட்டாஞ்சேனையில் நம் அங்கத்தவர் ஒருவரின் மொட்டைமாடிக் கூட்டில் இவ்வாண்டு பொரித்த குஞ்சுகளும் அப்படியே வந்தன: பேடுகளின் நாக்குவரை கருமை, கூடப்பிறந்த சேவல்களின் கால்களோ வெளுப்பு. ‘கலப்படம் விற்றுவிட்டீர்கள்’ என்று அந்த அங்கத்தவரைக் கோபித்தவர்களிடம் நான் காட்டியது இந்தக் கணக்கைத்தான்.

நகரத்தில் சேவலின் கூவலுக்கு அயலவர் பொறுக்கமாட்டார்கள். அதனால் நம்மிடம் நல்ல கருஞ்சேவல்கள் மிகக் குறைவு, ஒரே சேவலின் பிள்ளைகளே மீண்டும் சோடி சேர்கின்றன. இப்படியே போனால் பொரிப்பும் வலுவும் குறையும். எனவே நிர்வாகக் குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒவ்வொரு குஞ்சுக்கும் காலில் வளையமிட்டுத் தாய் தகப்பனைப் பதிய வேண்டும். அங்கத்தவர்கள் தங்களுக்குள் சேவல்களை மாற்றிக்கொள்ள வேண்டும். பதிவுப் படிவங்கள் மேசையில் உள்ளன. சேவல் தர இணங்குவோர் இன்று கலையும் முன் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்