பெட்டிக்குள் இருந்தது

எஸ்போ, பின்லாந்து
நவம்பர் 18

அன்புள்ள டீச்சரம்மா,

உன் கடிதம் வந்து சேர 21 நாள் ஆயிற்று. பேத்திக்கு நான் படித்துக் காட்டும் தவளை-தேரைக் கதைகளில் ஒன்று ஞாபகம் வந்தது. தனக்கு யாருமே கடிதம் போடுவதில்லை என்று தேரைக்கு வருத்தம். தவளை தன் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு கடிதம் எழுதி, நத்தையிடம் கொடுத்து அனுப்பும். நத்தையைக் காணவே காணோம். தவளைக்குப் பொறுக்காமல், என்ன எழுதியிருக்கிறேன் என்பதை வாயாலேயே சொல்லிவிடும். அப்புறம் இரண்டும் வாசலில் உட்கார்ந்து காத்திருக்கும். நத்தைக்கு நான்கு நாள் பிடித்தது. நம் தபாலுக்கு 21. பரவாயில்லை, இதை நீ போனில் கேட்காமல் காகிதத்தில் எழுதியது ஏன் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டு ஹாலில் ஸ்பீக்கர் போட்டுத்தானே பேசுகிறாய்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவனுக்கு ஐந்து மாதம் முடிந்து குப்புற விழுகிறான். பகல் மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. என் முழங்கால், குளிருக்குப் பயந்து, ஊரில் வலித்ததைவிடக் குறைவாகத்தான் வலிக்கிறது. முருங்கைக்காய் மட்டும் கிடைப்பதில்லை. மற்றதை நேரில் சொல்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மூமின் என்ற பின்லாந்துக் குழந்தைக் கதையில் இரண்டு பெண்களின் காதல் ஒளிந்திருக்கிறது என்று போன மாதம் போனில் சொல்லப்போக, "குழந்தைப் புத்தகத்தில் போய் இதையெல்லாம் தேடணுமாடி? ரெண்டு பேர் கைகோத்துக்கொண்டு நடந்தால் உடனே அதற்கு ஒரு பேர் வைக்க வேண்டுமா? நட்பு என்று ஒன்று உலகத்தில் இல்லையா?" என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். முப்பது வருஷம் தமிழ் நடத்தியவள், கோபத்தில்கூட ஒற்று விடாமல் எழுதுகிறாய்.

நீ சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சிநேகம் எங்கே தெரிந்தாலும் அதைக் காதலாக்கிப் பார்க்கிற ஒரு வாசிப்பு உண்டு. எனக்கும் அது அலுப்புத்தான். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் வரும் ஃபுரோடோவையும் சாமையும் அப்படிப் படிப்பவர்கள் ஏராளம். சாம் என்ற பாத்திரத்தில், முதல் உலகப்போரில் தான் பார்த்த சாதாரணச் சிப்பாய்களின் சாயல் இருக்கிறது என்று டோல்கீனே சொல்லியிருக்கிறார். அங்கே நான் உன் கட்சி. ஆனால் நான் சொன்னது மூமின் கதை. அங்கே தேடிக் கண்டுபிடிக்கவே எதுவும் இல்லை. எழுதியவளே ஒளித்து வைத்தாள், ஒளித்ததற்குக் காரணமும் இருந்தது.

டோவே யான்சன் 1948இல் எழுதிய மூமின் புத்தகத்தில் தோஃப்ஸ்லான், விஃப்ஸ்லான் என்று இரண்டு பொடியர்கள் வருகிறார்கள். ஒரு ஆகஸ்ட் மாதக் காலையில், கைகோத்தபடி, தங்களுக்கு மீறிய ஒரு பெட்டியையும் இழுத்துக்கொண்டு மூமின் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்கிறார்கள். அவர்கள் பேசுவது யாருக்கும் விளங்காது. சொல்லுக்குச் சொல் 'ஸ்லா' என்று ஒரு வாலை ஒட்டிப் பேசுகிற தனி பாஷை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றும் சொல்லமாட்டார்கள். அதைக் கேட்டு, தொட்ட தரையெல்லாம் உறைய வைக்கிற குரோக் என்ற பூதம் அவர்களைத் துரத்திக்கொண்டு வரும்.

ஸ்வீடிஷில் எழுதியவள் டோவே. அந்த இரண்டு பேர்களையும் அவள் எழுதிய ரோமன் எழுத்தில் முதல் எழுத்துகளை வைத்துப் பார்: T, V. டோவே, விவிகா. விவிகா பாண்ட்லர் நாடக இயக்குநர். 1946 முடிந்து 47 பிறந்த அந்தக் குளிர்காலத்தில் இரண்டு பெண்களுக்கும் காதல். பின்லாந்தில் அப்போது அது குற்றம். பெண்களையும் சேர்த்தே எழுதிய சட்டம், சிறைத் தண்டனை வரை உண்டு. 1971 வரை அந்தச் சட்டம் இருந்தது. குற்றம் என்ற பட்டம் போன பிறகும் பத்து வருஷம், 1981 வரை, நோய் என்ற பட்டம் பாக்கி இருந்தது. மற்றவர்களுக்குப் புரியாமல் பேசிக்கொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு நிஜமாகவே இருந்தது. காதல் சீக்கிரமே முடிந்தது, சிநேகம் நிலைத்தது. 1949இல் மூமின் கதை முதன்முதலாக நாடகமானபோது அதை மேடையேற்றியது அதே விவிகாதான்.

பெட்டியில் இருந்தது ஒரு மாணிக்கம். ராஜ மாணிக்கம் என்று பேர், பார்க்கப் பார்க்க நிறம் மாறும். அது யாருக்குச் சொந்தம் என்று ஒரு கோர்ட்டே நடக்கும். சட்டப்படி குரோக்கினுடையது, ஆனால் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வது இந்த இரண்டு பேர். இதையெல்லாம் குழந்தைக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். நான் எதையும் சொல்லவில்லை. என் பேத்திக்கு அது மாணிக்கம். இரண்டு பேருடைய ரகசியம், அழகான ரகசியம், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. டோவே குழந்தைகளுக்கு எழுதியதும் அவ்வளவுதான். மிச்சத்தை விவிகாவுக்கு எழுதியிருக்கிறாள். ஒரே பக்கத்தில் இரண்டு விலாசம்.

எனக்கு அந்த இடத்தில் பிடித்தது மூமின் அம்மாவின் கைப்பைதான். அது காணாமல் போய், வீடு முழுக்கத் தேடுவார்கள். எடுத்தது இந்த இரண்டு பேர், அதன் சின்னப் பைகளுக்குள் படுத்துத் தூங்குவதற்கு! அம்மா வருத்தப்படுகிறாள் என்று தெரிந்ததும் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். எங்கே கிடைத்தது என்று ஒரு கேள்வி, அதற்குமேல் விசாரணை கிடையாது. உடனே ஊருக்கே விருந்து. இதைப் பிறகு மறுபடியும் சொல்வேன், ஞாபகம் வைத்துக்கொள்.

தமிழில் சொல்லும்போது ஒரு வேடிக்கை. 'ஸ்லா'வை என்ன செய்வது? நம் க-பாஷை இருக்கிறதே! "கநீ கவா" என்று ஆரம்பித்ததும் பேத்தி துள்ளிக் குதித்தாள். இப்போது அவள் அம்மாவிடம்கூட "கபா கல்" என்றுதான் பால் கேட்கிறாள். இரண்டு பேரும் எப்போதும் சேர்ந்தே வருவதால் 'அவர்கள்' என்று சொல்லிவிட்டால் போதும், ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழவில்லை. தவளை-தேரைக் கதையில் இன்னும் சுலபம், நம் இலக்கணத்தில் இரண்டும் அஃறிணை. "தவளை சொன்னது, தேரை அழுதது."

அதை எழுதிய ஆர்னால்ட் லோபெல் அமெரிக்கர். முதல் புத்தகம் 1970இல் வந்தது. மனைவியும் குழந்தைகளும் உள்ள மனிதர், 1974இல்தான் தான் தன்பாலின ஈர்ப்புள்ளவன் என்று குடும்பத்தாரிடம் சொன்னார். 1987இல் எய்ட்ஸால் இறந்தார், வயது 54. அவர் தன்னைப் பற்றி வெளியே சொல்லத் தொடங்கியதே அந்தக் கதைகளில்தான் என்று பிற்பாடு மகள் சொன்னார். தவளையும் தேரையும் தம்பதி என்று நான் சொல்ல வரவில்லை, அவரும் எழுதவில்லை. ஆனால் அந்தக் கடைசிக் கதையைப் படித்துப் பார். தனியாக இருக்க விரும்புகிறேன் என்று தவளை சீட்டு எழுதி வைத்துவிட்டுத் தீவுக்குப் போய்விடும். தேரை பதறிப்போய் சாண்ட்விச் கட்டிக்கொண்டு, ஆமை மேல் ஏறி, வழியில் தண்ணீரில் விழுந்து போய்ச் சேரும். தவளைக்குக் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ எனக்கு இருக்கிறாய் என்ற சந்தோஷத்தை உட்கார்ந்து நினைத்துப் பார்க்க வந்தேன் என்று சொல்லும். அப்புறம் இரண்டும் நனைந்த சாண்ட்விச்சைச் சாப்பிடும். நட்பு என்று நீ சொன்னால் நட்பு. அப்படி ஒரு நட்பை, வெளியே சொல்ல முடியாத ஒன்றை மனசில் வைத்திருந்த ஒருவர் எழுதினார் என்பதும் எனக்கு வேண்டும்.

ஆஸ் கதையில்தான் மாட்டிக்கொண்டேன். சூறாவளியில் டோரதி பறந்து போவாளே, அதன் இரண்டாம் பாகம், ஃபிராங்க் பாம் 1904இல் எழுதியது. டிப் என்று ஒரு பையன், மோம்பி என்ற சூனியக்காரியிடம் வளர்கிறவன். அவளிடமிருந்து தப்பித்துப் புத்தகம் முழுக்கச் சாகசம் செய்கிறான். கடைசியில் பார்த்தால் அவன் பிறக்கும்போது பெண், ஆஸ் நாட்டு இளவரசி ஆஸ்மா. குழந்தையிலேயே மோம்பி மந்திரம் போட்டுப் பையனாக்கிவிட்டாள். எனக்கு முடிவு தெரியும் அல்லவா, இரண்டாம் அத்தியாயத்திலேயே "டிப் ஓடினாள்" என்று வாய் தவறிவிட்டது. "ஓடினான் அம்மாச்சி!" என்று திருத்தினாள் பேத்தி. ஆங்கிலத்தில் பேரை வைத்து எத்தனை பக்கம் வேண்டுமானாலும் ஓட்டலாம். நமக்கு வினைமுற்றுக்கு வினைமுற்று ஆணா பெண்ணா என்று பதில் சொல்லியாக வேண்டும்.

பாம் எதையாவது மனசில் வைத்து எழுதினாரா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் கதை மேடையில் சக்கைப்போடு போட்டதால், இதையும் நாடகமாக்கும் ஆசையில் எழுதியவர் அவர். பையன் வேஷத்தை நடிகைகள் போடுவது அந்தக் கால மேடையில் சகஜம். வேஷம் கலைந்தால் பெண், கைதட்டல். அவ்வளவுதான் திட்டமாக இருக்கும். ஆனால் அந்தக் கட்டத்தை அவர் எழுதியிருக்கிற விதம் திட்டத்தை மீறிப் போகிறது. டிப் மாட்டேன் என்கிறான். பையனாகவே ஊர் சுற்றுகிறேனே என்று கெஞ்சுகிறான். கொஞ்ச நாள் பெண்ணாக இருந்து பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் திரும்பப் பையனாக்க வேண்டும் என்று பேரம் பேசுகிறான். அது என்னால் ஆகாது, உருமாற்றும் வித்தை நேர்மையானதல்ல, நான் தொடமாட்டேன் என்கிறாள் நல்ல சூனியக்காரி கிளிண்டா. கடைசியில் திரைக்குப் பின்னாலிருந்து ஆஸ்மா வெளியே வந்து, கூச்சத்தோடு, நான் அதே டிப்தான், ஆனால்... ஆனால்... என்று இழுக்கிறாள். பூசணித்தலை ஜாக் முடித்துவைக்கிறான்: "ஆனால் வேறே மாதிரி!"

திருநங்கைகள் சிலர் இதைத் தங்கள் கதையாகப் படிக்கிறார்கள். உள்ளே இருந்த பெண் வெளியே வந்துவிட்டாள் என்று. திருநம்பி ஒருவர் படித்தால்? பையனாக இருந்தவனைப் பிடித்துப் பெண்ணாக்கிவிட்ட கொடுமையாகப் படும். ஒரே பக்கம்தான். எனக்கு இரண்டும் சரி என்று படுகிறது, அதில் குழப்பமும் இல்லை. பேத்தியோ வேறு மாதிரி தீர்த்தாள். "இன்னும் ஒரு வாரம் டிப்பாகவே இருக்கட்டும் அம்மாச்சி, அப்புறம் மாத்திக்கலாம்." நாங்கள் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

அதே வரிசையில் 1909 புத்தகத்தில் வானவில்லின் மகள் டோரதியிடம், உனக்கு விசித்திரமான சிநேகிதர்கள் என்பாள். விசித்திரமாக இருந்தால் என்ன, சிநேகிதர்களாக இருந்தால் சரி என்பாள் டோரதி. விசித்திரம் என்பதற்கு அங்கே இருக்கிற ஆங்கிலச் சொல் 'குயர்', இன்று தன்பாலின ஈர்ப்புள்ளவர்களைக் குறிக்கிற அதே சொல். அன்றைக்கு அதற்குப் பொதுவான அர்த்தம் விசித்திரம் என்பதுதான். பிற்பாடு அமெரிக்காவில் தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்கள், தங்களை 'டோரதியின் சிநேகிதர்கள்' என்று சங்கேதமாகச் சொல்லிக்கொண்டார்கள். எழுதியவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

போன ஞாயிறு டாம்பரே ஊரில் உள்ள மூமின் அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஆளுயர மூமின் வீடு ஒன்று நிற்கிறது, நீல வீடு. உள்ளே குட்டிக் குட்டிச் சாமான்கள். அதைக் கட்டியவர்களில் முக்கியமானவர் துலிக்கி பியெத்திலா, ஓவியக் கலைஞர். 1955 கிறிஸ்துமஸ் விருந்து ஒன்றில் டோவே அவரை நடனமாடக் கூப்பிட்டாள். ஊர் என்ன சொல்லுமோ என்று துலிக்கி வரவில்லை. ஆனால் 1957இல் வந்த குளிர்காலக் கதையில் டூ-டிக்கி என்று ஒருத்தி வருகிறாள், கோடு போட்ட ஸ்வெட்டர், இடுப்பில் கத்தி. மூமின் நடுக்குளிரில் தனியாக விழித்துக்கொண்டு பயந்து நிற்கும்போது வழி காட்டுவது அவள்தான். அது துலிக்கியேதான். டோவே 2001இல் சாகும்வரை இரண்டு பேரும் பிரியவில்லை. மரமில்லாத ஒரு பாறைத் தீவில் ஒற்றை அறை வீடு கட்டி, கோடை தவறாமல் அங்கே இருந்தார்கள். 1992 சுதந்திர தின விருந்துக்கு ஜனாதிபதி மாளிகைக்கு ஜோடியாகப் போனார்கள். அந்த நீல வீட்டின் மாடி ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன். மகள் வந்து, "அம்மா, கால் வலிக்கப்போகுது" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

எதை நினைத்துக்கொண்டு நின்றேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். ஹாஸ்டலில் நமக்கு எதிர் அறையில் இருந்த இரண்டு பேரும் க-பாஷையில்தான் பேசிக்கொள்வார்கள். அந்த வேகம் நம் யாருக்கும் வராது. நாம் எத்தனை சிரித்தோம்! மூன்றாம் வருஷம் அரைப் பரீட்சைக்கு முன்னால் வார்டன் ஒருத்தியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினாள். அப்புறம் ஒருத்தி வீட்டிலிருந்து அப்பா வந்தார். அவள் பரீட்சை எழுதவில்லை.

டிபன் வரிசையில் நின்றுகொண்டு வார்டனிடம் விளையாட்டாக அதைச் சொன்னது நான்தான். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். கைப்பை திரும்பி வந்தபோது மூமின் அம்மா விசாரிக்காத மாதிரி, நீ ஒருநாளும் கேட்டதில்லை. இத்தனை வருஷமாக அதை நான் நட்பு என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் டிரங்குப் பெட்டியில் கடைசி வருஷ குரூப் போட்டோ இருக்கும். அது எடுத்தது மாற்றத்துக்கு முன்பா பின்பா என்று எனக்கு நினைவில்லை. எடுத்துப் பார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்களா, ஆளுக்கு ஒரு ஓரத்திலா? போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், அடுத்த கடிதத்தோடு போட்டோவையே வை. நான் ஜனவரி கடைசிவரை இங்கேதான். நத்தை மெதுவாகவே வரட்டும்.

உன் ரூம் நம்பர் 14