இரு பொருள் தரும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்கில் தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய நாகா அமைப்புகளோடு மத்திய அரசு நடத்தும் பேச்சுவார்த்தை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அந்த அமைப்புகள் தனிக்கொடியும் தனி அரசியல் சட்டமும் கேட்பதால்தான் எல்லாம் நின்றுபோயிருக்கிறது என்கிறது. அது பாதி உண்மை. மறுபாதி, உடன்படிக்கைகளை எழுதிய விதத்தில் இருக்கிறது. கையெழுத்து விழுந்தால் போதும் என்று, இரு தரப்பும் தத்தமக்கு ஏற்றபடி படித்துக்கொள்ளும் ஒரு வரியை ஒவ்வொரு முறையும் விட்டுவைத்தார்கள். பிறகு அந்த வரியில்தான் சண்டை மூண்டது.

1947 ஜூனில் அசாம் ஆளுநர் அக்பர் ஹைதரியும் நாகர்களின் அரசியல் அமைப்பான நாகா தேசிய கவுன்சிலும் கண்ட உடன்பாட்டின் ஒன்பதாவது அம்சத்தைப் பாருங்கள். பத்தாண்டு கழிந்ததும் இதையே நீட்டிப்பதா, நாகர்களின் எதிர்காலம் குறித்துப் புதிய உடன்பாடு காண்பதா என்று கவுன்சிலிடம் கேட்க வேண்டும். அந்தப் 'புதிய உடன்பாட்டில்' விடுதலையும் அடங்கும் என்று கவுன்சில் படித்தது. இந்தியாவுக்குள் வேறு ஏற்பாடு என்று மட்டுமே தில்லி படித்தது. அந்தப் பத்தாண்டு முடியும் முன்பே, 1956இல் கவுன்சிலின் தலைவர் ஃபிஸோவின் ஆட்கள் தனி அரசை அறிவித்து ஆயுதம் ஏந்திவிட்டார்கள்.

தலைமறைவு நாகா அமைப்புகளின் பிரதிநிதிகளோடு அரசு செய்த 1975 ஷில்லாங் ஒப்பந்தத்தில், அவர்கள் இந்திய அரசியல் சட்டத்தை நிபந்தனையின்றி ஏற்பது, ஆயுதங்களை ஒப்படைப்பது இரண்டும் தெளிவாக இருந்தன. மூன்றாவது அம்சமோ, 'மற்ற பிரச்சினைகளை' வகுத்துக்கொள்ள 'நியாயமான கால அவகாசம்' என்று முடிந்தது. எவை அந்தப் பிரச்சினைகள், எத்தனை மாதம் அவகாசம், ஒன்றும் இல்லை. லண்டனில் இருந்த ஃபிஸோ ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒப்பந்தத்தை எதிர்த்த ஐசக் சிஷி சூ, முய்வா, கப்லாங் மூவரும் 1980இல் நாகாலாந்து தேசிய சோசலிச கவுன்சில் (என்.எஸ்.சி.என்.) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1988இல் அதுவும் ஐசக்–முய்வா பிரிவு, கப்லாங் பிரிவு என்று இரண்டாக உடைந்தது.

இதில் உயிர்களையே பலிகொண்டது 2001 ஜூனில் பாங்காக்கில் அரசும் ஐசக்–முய்வா பிரிவும் தங்கள் போர்நிறுத்தத்தை நீட்டித்தபோது சேர்த்த 'பிராந்திய வரம்பின்றி' என்ற சொற்கள். நாகர்கள் வாழும் எல்லாப் பகுதிக்கும் அங்கீகாரம் என்று ஐசக்–முய்வா பிரிவு மகிழ்ந்தது. மணிப்பூரின் மலைப்பகுதி கைவிட்டுப் போகிறது என்று அதன் தலைநகர் இம்பால் கொதித்தது. சட்டமன்றக் கட்டடம் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் 18 பேர் இறந்தார்கள். ஜூலை இறுதியில் அரசு அந்தச் சொற்களைத் திரும்பப் பெற்றது.

இவ்வளவுக்குப் பிறகும் அரசும் ஐசக்–முய்வா பிரிவும் 2015 ஆகஸ்ட் 3 அன்று கண்ட சட்டக உடன்பாட்டில் (இறுதித் தீர்வுக்கான வரைச்சட்டத்தில்) அதே பழக்கம். இறையாண்மை அதிகாரத்தைப் பகிர்வது, 'இரு தரப்பின்' அமைதியான சகவாழ்வு என்கிறது அது. ஒன்றாய் இணையாமல் அருகருகே வாழ்வது என்கிறார் முய்வா. இந்தியாவுக்குள் என்கிறது அரசு. 2020இல் முய்வா தரப்பு உடன்பாட்டின் வாசகத்தை வெளியிட்டு, மற்ற குழுக்களுக்குக் கொடுத்த நகலில், இரு தரப்பின் 'புதிய உறவு' என்ற இடத்தில் 'புதிய' என்ற சொல்லே இல்லை என்று, அரசின் சார்பில் கையெழுத்திட்ட ஆர்.என். ரவி மீது (பின்னர் தமிழக ஆளுநராக வந்தவர்) குற்றம் சாட்டியது. இதற்கிடையே 2017இல் வேறு நாகா குழுக்களோடு இன்னொரு உடன்பாடும் ஆயிற்று. ஒரே சிக்கலுக்கு இரண்டு காகிதம், இரண்டு கூட்டாளிகள். எதை நிறைவேற்றினாலும் மற்றவர் எதிர்ப்பார்.

போர்நிறுத்த விதிகளிலும் இதே கதை. முகாமுக்கு வெளியே சீருடையோடும் ஆயுதத்தோடும் நடமாடக் கூடாது, கட்டாய வசூல் கூடாது என்பவை விதிகள். தாங்கள் வசூலிப்பது தங்கள் அரசின் வரி, கட்டாய வசூல் அல்ல என்பது ஆயுத அமைப்புகளின் வாதம். அமைப்பு உடைய உடைய வரி கேட்கும் கைகளும் பெருகின. அந்தச் சுமை கடைக்காரர் வழியாக அரிசி, சிமென்ட் விலையில் ஏறுகிறது. 2013 அக்டோபர் 31 அன்று நாகாலாந்தின் திமாப்பூரில் மக்கள் திரண்டு 'ஒரே அரசு, ஒரே வரி' என்று கேட்டது இதனால்தான்.

அடுத்து எழுதப்படுவதில் சில வரையறைகள் கட்டாயம் வேண்டும். கொடி எங்கே, எந்த நிகழ்வில் பறக்கலாம்? பகிரப்படும் அதிகாரங்கள் எவை, எந்தச் சட்டப் பிரிவின் கீழ்? மணிப்பூர் நாகர்களுக்கு எல்லையை மாற்றாமல், நேரடி நிதி பெறும் தன்னாட்சி மன்றம் உண்டா, அதன் எல்லைக்குள் இருக்கும் குக்கி பழங்குடியினரின் கிராமங்கள் எந்த மன்றத்தின் கீழ் வரும்? 1993இல் நாகர்களும் குக்கிகளும் மோதிக்கொண்ட மலைகள் இவை. 2015, 2017 ஆகிய இரண்டு உடன்பாடுகளையும் ஒரே ஆவணமாக்கி, கையெழுத்துக்கு முன்பே நாகாலாந்தின் தலைநகர் கோஹிமாவிலும் இம்பாலிலும் முழுதாக வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்