மணலுக்குள்ள தண்ணி கீது: எங்கள் பாட்டுக்குத் துணை நின்றவர்களுக்கு

வேலூர், காட்பாடி, குடியாத்தம் மக்களுக்கு,

வணக்கம். எங்கள் முதல் பாட்டு வெளியாகி ஒரு மாதம் ஆகிறது. கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல் என்று நாலு பேர் சேர்ந்து செய்த பாப் ராக் பாட்டு. மூன்றரை நிமிடம்தான். அதற்குள் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்பதைச் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போக மனசு வரவில்லை.

முதல் நன்றி எங்கள் டிரம்மரின் ஆயாவுக்கு. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. அதை வைத்துத்தான் எழுதத் தொடங்கினோம். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-லேயே சாமி திரும்பி வந்தாயிற்று, பாலாறு மட்டும் காய்ந்து கிடக்கிறது என்று ஒரு சோகப் பல்லவி. ஆயா கேட்டுவிட்டு, "இன்னாடா இது, ஒப்பாரி வெச்சிகினு? தண்ணி இல்லன்னு யாரு சொன்னது? மணலுக்குள்ள தண்ணி கீது" என்றார். சின்ன வயசில் ஆற்றில் கையாலேயே ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியும்வரை உட்கார்ந்திருந்து, சொம்பால் மொண்டு குடம் நிரப்பிய கதையைச் சொன்னார். அன்று இரவே பழைய பல்லவியை எடுத்துவிட்டு, ஆயா சொன்னதையே பல்லவியாக்கினோம். சோகமாக ஒலிக்கும் மைனர் ஸ்கேலில் இருந்த மெட்டு உற்சாகமான மேஜருக்கு வந்தது, வேகமும் கூடியது. பாட்டு பிறந்தது அந்த இரவில்தான்.

"கீது"வை "இருக்குது" என்று மாற்றினால் எல்லா ஊரிலும் எடுபடும் என்று நல்ல மனசோடு சிலர் சொன்னார்கள். பாடியும் பார்த்தோம். "கீ" என்கிற நெடிலில்தான் குரல் நீண்டு நிற்கிறது. "இருக்குது" என்றால் அந்த இடம் நாலு துண்டாக உடைகிறது. ஆயாவின் பேச்சே இருக்கட்டும் என்று விட்டோம்.

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் ஐயாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் தாளம் அவருடைய கைத்தறி. மிதி இறங்குவதும் குறுக்கு நூலோடு நாடா பாய்ந்து போவதும் பலகை வந்து அடிப்பதும் அப்படியே பதிவானவை. முதலில் அதைக் கிளிக் டிராக்கின் (தாளம் பிசகாமல் இருக்கக் காதில் ஓடும் டிக்-டிக் சத்தம்) கணக்குக்குள் வெட்டி ஒட்டினோம், உயிரே போய்விட்டது. அப்புறம் கிளிக்கை நிறுத்திவிட்டு, தறிக்கு ஏற்றபடி டிரம்ஸ் வாசித்தோம். ஒரு இழை அறுந்து அவர் முடிச்சுப் போட்ட நேரத்தில் ஒரு சின்ன இடைவெளி விழும். அதையும் எடுக்கவில்லை.

குரல் பதிவு சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையில் நடந்தது. மே மாதம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபேன் போட்டால் அதன் சத்தம் மைக்கில் விழும். சுவரெல்லாம் ஜமுக்காளம் தொங்கவிட்டோம். பக்கத்தில் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை, லாரிகள் குறைய நள்ளிரவு தாண்ட வேண்டும். கீழ்வீட்டு அக்கா பதிவு நடந்த ஐந்து நாளும் எங்களிடம் கேட்ட பிறகுதான் குக்கரையும் மிக்சியையும் தொட்டார். தினமும் ஒரு தூக்கு மோர் மேலே வரும். அக்கா, அந்த மோர் இல்லாமல் உச்சஸ்தாயி வந்திருக்காது.

வெளியான அன்று மனசு உடைந்து போனது. பாட்டைச் செயலிகளுக்கு அனுப்பும் நிறுவனத்தின் வழியாகப் பழைய மிக்ஸ் ஏறியிருந்தது. "தறிச் சத்தமே காணோமே" என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் காட்பாடியில் படிக்கும் ஒரு கல்லூரித் தம்பி. சரியான பதிப்பு ஏறும்வரை எங்களோடு உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதியதும் அவர்தான்.

ஸ்பாட்டிஃபை செயலியில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு தடவை என்று கணக்கு. எங்கள் பாட்டில் தறியே 20 வினாடி ஓடுகிறது. அதைச் சிலர் வெட்டச் சொன்னார்கள், நாங்கள் வெட்டவில்லை. நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள். ஒரு பாட்டுக்கு அங்கே காசு வர வேண்டுமானால் 12 மாதத்தில் குறைந்தது 1000 தடவை ஓடியிருக்க வேண்டும். அந்த அளவை ஒரே மாதத்தில் தாண்டவைத்தவர்கள் நீங்கள். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்ட் வரும் ஷேர் ஆட்டோவில் இந்தப் பாட்டு ஓடியதையும், "கீது" வந்த இடத்தில் ஓட்டுநர் அண்ணன் சேர்ந்து பாடியதையும் நேரில் பார்த்தோம். யார் என்று அவருக்கு நாங்கள் சொல்லிக்கொள்ளவில்லை.

குறை சொன்னவர்களுக்கும் நன்றி. இரண்டாவது சரணத்தில் கிட்டார் சொல்லை விழுங்குகிறது என்று ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதினார். திரும்பக் கேட்டோம், அவர் சொன்னது உண்மை. ஆம்பூரிலிருந்து ஒரு அக்கா, "எங்கள் பக்கம் மணலுக்குள் இருப்பது தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த தண்ணீர், அதையும் பாட வேண்டாமா?" என்று கேட்டிருந்தார். நான்கு நாள் எங்களைத் தூங்கவிடாத கேள்வி. அக்கா, அடுத்த பாட்டின் முதல் வரி உங்களிடமிருந்துதான் வருகிறது. எழுதி முடித்ததும் முதலில் உங்களுக்கே அனுப்புகிறோம்.

வீடியோவில் வருகிற வெள்ளக் காட்சிகள் எல்லாம் 2021 நவம்பரில் பாலாறு கரை முட்டி ஓடியபோது நீங்கள் ஃபோனில் எடுத்தவை. நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவைக் கடந்து வந்த தண்ணீரைப் பார்க்கப் பாலத்தில் குடும்பம் குடும்பமாக நின்றோமே, அந்த முகங்கள்தான் அந்த வீடியோவின் அழகு. அவசரத்தில் காட்சி அனுப்பிய சிலரின் பெயர் விட்டுப்போயிருக்கிறது. எந்தக் காட்சி உங்களுடையது என்று எழுதுங்கள், இந்த வாரமே சேர்த்துவிடுகிறோம்.

அன்புடன்,
நாங்கள் நாலு பேர், காட்பாடி