உள்ளாட்சி அலுவலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பணியில் இருக்கும், ஓய்வு பெற்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கையில் சந்தா, பணி ஓய்வுப் பாராட்டு, பொங்கல் விளையாட்டுப் போட்டி ஆகியவைதான் இருக்கும். அவையும் நடந்தன. அவற்றைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த ஆண்டு சங்கத்தின் நேரமும் பணமும் பெரும்பாலும் ஒரே வேலைக்குத்தான் போயின. தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து பேசுவது எப்படி என்று நமக்கு நாமே பயிற்சி கொடுத்துக்கொண்டோம்.

ஆணையாளர்கள், பேரூராட்சி செயல் அலுவலர்கள், மேலாளர்கள், சுகாதார ஆய்வாளர்கள் என்று எல்லா நிலையிலும் நமக்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சொத்து வரி, டெண்டர், கட்டட அனுமதி, தணிக்கைத் தடைக்குப் பதில் எழுதுவது ஆகியவற்றையெல்லாம் யாராவது சொல்லித் தந்திருக்கிறார்கள். வேலைநிறுத்த நோட்டீஸ் கைக்கு வந்தால் அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் பெரும்பாலோர் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

போன ஜூன் மாதம் நம் மாவட்டத்து நகராட்சி ஒன்றில் நடந்ததுதான் இதற்கெல்லாம் தொடக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். காலை 6 மணி மஸ்டரை (பணியாளர் வருகைப் பதிவை) 5.30 ஆக்கி, கைரேகை வைத்தால்தான் வருகை என்று முதல் நாள் மாலை வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் போட்டார்கள். மறுநாள் காலை தூய்மைப் பணியாளர்கள் தள்ளுவண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு மஸ்டர் அலுவலக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். முதல் பஸ் இல்லாத கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் அரை மணி நேரம் முன்னதாக எப்படி வருவார்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி. அலுவலகத் தரப்பில் கிடைத்த பதில், வேலைக்கு வராவிட்டால் ஆளை மாற்றிவிடுவோம் என்பது. பிரச்சினை தொழிலாளர் துறை அலுவலரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது, "9ஏ நோட்டீஸ் கொடுத்தீர்களா?" என்றுதான். வேலை நேரம், இடைவேளை, ஷிப்ட் போன்றவற்றை மாற்றுவதற்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவு சொல்லியிருந்தது. அறையில் இருந்த நம் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மஸ்டர் நேரம் 6 மணிக்கே திரும்பியது. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் பயிற்சித் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

முதல் அமர்வு சட்டம். தொழிலாளர் வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரை அழைத்திருந்தோம். நகராட்சி என்பது கம்பெனி இல்லையே, இங்கே எப்படி தொழில் தகராறு வரும் என்று இன்னமும் கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காக 1952-லிருந்தே ஆரம்பித்தார். வங்காளத்தின் பட்ஜ்பட்ஜ் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டே இந்தக் கேள்விக்கு, வரும் என்று பதில் சொல்லிவிட்டது. 1960-ல் நாக்பூர் மாநகராட்சி வழக்கும், 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கும் அதை இன்னும் விரித்தன. அப்புறம் அவர் வந்து நின்ற இடம் காசியாபாத். அங்கே மாநகராட்சிப் பூங்காக்களில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்த தோட்டத் தொழிலாளர்களை முறையான உத்தரவு எதுவும் இல்லாமல் நிறுத்திவிட்டார்கள். 2025 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் வேலையில் சேர்க்கவும், பாதி நிலுவை ஊதியம் தரவும் உத்தரவிட்டது. தற்காலிகப் பணியாளர் வழக்கு எதுவானாலும் நாம் எதிர்வாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கும் 2006-ஆம் ஆண்டு உமாதேவி தீர்ப்பு (முறைப்படி நியமிக்கப்படாத தற்காலிகப் பணியாளர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது) அங்கே எடுபடவில்லை. நம் மாநிலத்தின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டத்தையும் பார்த்தோம். 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரம் கேட்கலாம் என்பது அதன் சாரம். அந்த 480 என்ற எண் பணியாளர்களுக்கு மனப்பாடம். நம்மில் பலர் அன்றைக்குத்தான் குறித்துக்கொண்டார்கள்.

ஒப்பந்தங்களில் இரண்டு வகை உண்டு என்பதும் பலருக்குப் புதிது. அந்த 1947 சட்டத்தில், தொழிலாளர் துறை அலுவலர் முன்னிலையில் சமரசப் பேச்சில் போட்ட 12(3) பிரிவு ஒப்பந்தம், கையெழுத்துப் போடாத சங்கத்தின் உறுப்பினரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியது. நாமும் ஒரு சங்கமும் தனியாகப் பேசிப் போட்ட 18(1) பிரிவு ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களோடு நின்றுவிட்டது. ஒரே நகராட்சியில் சி.ஐ.டி.யூ., ஏ.ஐ.டி.யூ.சி., தொ.மு.ச. என்று பல தொழிற்சங்கக் கொடிகள் பறக்கும்போது இந்த வித்தியாசம் தெரியாமல் மேசைக்குப் போகக்கூடாது.

ஆனாலும் உறுப்பினர்கள் இன்றுவரை பேசிக்கொண்டிருப்பது இரண்டாவது அமர்வைப் பற்றித்தான். அது நாடகம் மாதிரி ஒரு பயிற்சி. ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தொழிற்சங்கத் தலைவராக உட்கார்ந்தார். எதிரே நிஜமான ஆணையாளர், வயதில் இளையவர். கோரிக்கைப் பட்டியலை மேசையில் வைத்துவிட்டு ஆய்வாளர் கேட்டார்: "சார், இதுல எதுக்காவது நீங்க கையெழுத்துப் போட்டா நடக்குமா?"

"மேலே எழுதறேன்."

"அப்ப நாங்க மேலேயே போய்ப் பேசிக்கிறோம். உங்க டீ, பிஸ்கட்டை ஏன் வீணாக்கணும்?"

மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஒரு சங்கடமான அமைதி. நாம் எல்லோருமே அந்த நாற்காலியில் இருந்தவர்கள்தானே.

அதன்பின் ஆளுக்கொரு தாள் கொடுத்து, வழக்கமாக வரும் கோரிக்கைகளை மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொன்னோம். என் கையெழுத்தில் முடியக்கூடியவை, மன்றத் தீர்மானம் வேண்டியவை, அரசாணை வேண்டியவை. மூன்றாவது பத்திதான் நிரம்பும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். ஊதிய உயர்வு, பணி நிரந்தரம், பணிகளை வெளியாருக்கு விட 2022-ல் வந்த 152, 139 அரசாணைகளை ரத்து செய்வது ஆகியவை அங்கே போயின. இவை பெரிய விஷயங்கள், ஆனால் எண்ணிக்கையில் சில. இரண்டாவதில் பேட்டரி வண்டி, ஓய்வறைக் கட்டடம். முதல் பத்தியோ தாளின் அடி வரைக்கும் போனது. கையுறை, காலணி, சோப்பு, தேங்காய் எண்ணெய், மழைக்கோட்டு, மஸ்டர் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்ற மறைவிடமும், வார ஓய்வு நாளைச் சுழற்சியில் விடுவது, அடையாள அட்டை, சம்பளத் தேதி, ஒப்பந்ததாரர் பி.எஃப். கட்டினாரா என்று மாதாமாதம் பார்ப்பது, வார்டு மாற்றத்துக்கு ஓர் ஒழுங்குமுறை. பம்ப் ஆபரேட்டர்களுக்கு இரவுப் பணியில் ஒரு மின்விசிறியும் விளக்கும் வேண்டும் என்று ஒரு செயல் அலுவலர் எழுதியிருந்தார். இதற்கெல்லாம் யாருக்கும் மேலே எழுத வேண்டியதில்லை.

இந்த ஆண்டு முழுவதும் நடந்த பயிற்சியில் எனக்கு மிஞ்சியது இதுதான். பேசத் தெரியாததால் பேச்சுவார்த்தை முறிந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. எதற்குச் சம்மதிக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போய் உட்காருவதால்தான் முறிகிறது. நோட்டீஸ் வந்த அன்றே தலைவரையும் மன்றத்தையும் மண்டல அலுவலகத்தையும் கலந்து, எந்த எல்லை வரை போகலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளாதவர் மேசையில் வெறும் தபால்காரர்தான். இப்படிச் சொன்னதில் சில உறுப்பினர்களுக்கு வருத்தம் என்று அறிகிறேன். வருத்தம் இருக்கட்டும், அந்தத் தாளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பேசி முடித்ததை எழுதுவதிலும் பயிற்சி நடந்தது. கூட்டக் குறிப்பில் ஒவ்வொரு அம்சத்துக்கும் நேரே யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்று இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் முழுவதையும் சத்தமாகப் படிக்க வேண்டும், பிரதி அன்றைக்கே இரு தரப்புக்கும் போக வேண்டும். மூன்று நகராட்சிகள் இப்போது இப்படிச் செய்கின்றன.

மூன்றாவது அமர்வுக்கு ஒரு தூய்மைப் பணியாளரையே பேச அழைத்தோம். இதற்குச் செயற்குழுவில் எதிர்ப்பு இருந்தது. நம் அலுவலர்கள் முன்னால் அவர் எப்படிப் பேசுவார் என்றார்கள். அந்த அம்மா மிக நன்றாகவே பேசினார். பிளாஸ்டிக் பையிலிருந்து சம்பளச் சீட்டுகளை எடுத்து விரித்தார். மாதாமாதம் பி.எஃப். பிடித்திருந்தது. செல்போனில் பாஸ்புக்கைத் திறந்தால் பல மாதங்களுக்கு ஒன்றுமே ஏறவில்லை. இ.எஸ்.ஐ. அட்டையில் கணவர் பெயர் தப்பு, அதனால் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "நான் காண்ட்ராக்டர்கிட்ட கேட்டா ஆபீஸைக் கேளுங்கறாரு. ஆபீஸ்ல கேட்டா காண்ட்ராக்டரைக் கேளுங்கறீங்க. நான் யார்கிட்ட வேலை பாக்கறேன்னு நீங்களே சொல்லுங்க சாமி." கேட்டவர் கோபத்தோடு கேட்கவில்லை, சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார்.

சட்டப்படி அவருக்கான பதில் ஐம்பது ஆண்டுக்கு முன்பே எழுதியாகிவிட்டது. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, முதன்மை வேலையளிப்பவரின் (வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவரின்) பிரதிநிதி முன்னிலையில் ஊதியம் வழங்க வேண்டும் என்றது. ஒப்பந்ததாரர் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே கொடுத்துவிட்டு, ஒப்பந்ததாரர் பில்லில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. அந்த முதன்மை வேலையளிப்பவர் நாம்தான். பி.எஃப். சந்தா அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். செலுத்திய சலானும் பணியாளர் வாரியான பட்டியலும் இல்லாமல் பில் பாஸ் செய்யக்கூடாது என்று சங்கம் உறுப்பினர்களுக்கு எழுதியது. பணியாளர் கணக்கில் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று மாதம் பத்துப் பேருடைய பாஸ்புக்கையாவது பார்க்கும்படியும் கேட்டுக்கொண்டது. அந்த அம்மாவின் கணக்கில் நிலுவை இப்போது ஏறிவிட்டது.

சென்னை நிகழ்ச்சியைப் பேசாமல் இந்த ஆண்டு அறிக்கையை முடிக்க முடியாது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியார் நிறுவனத்துக்குப் போனதை எதிர்த்து, 2025 ஆகஸ்ட் 1 முதல் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். மாதம் சுமார் ரூ. 23,000 வாங்கிவந்த தங்களுக்கு இனி ரூ. 17,000 கூட வராது என்பது அவர்கள் சொன்ன கணக்கு. பல சுற்றுப் பேச்சு நடந்தும் முடிவு வரவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அங்கிருந்து அகற்றியது. நம் விவாதக் கூட்டத்தில் கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. கொள்கை முடிவில் அலுவலருக்கு வேலையில்லை என்றனர் ஒரு சாரார். என் கருத்து வேறு. டெண்டர் முடிந்து பணி ஆணையும் கொடுத்த பிறகு நடக்கும் பேச்சில், பேசுவதற்கு மிச்சம் இருப்பது மிகக் குறைவு. டெண்டர் ஆவணம் தயாராகும் போதே பழைய பணியாளர்களின் ஊதியத்தையும் பணித் தொடர்ச்சியையும் நிபந்தனையாகச் சேர்ப்பது நம் குறிப்பில் எழுதக்கூடிய விஷயம். எழுதினால் மேலே ஏற்பார்களா என்பது அடுத்த கேள்வி. எழுதியிருக்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் பழைய மத்திய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததால், நான்காவது அமர்வுக்குத் தயாரித்த குறிப்பெல்லாம் பாதி பழசாகிவிட்டது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. 9ஏ இப்போது தொழில் உறவுகள் தொகுப்பில் 40-ஆம் பிரிவு, ஆனால் 21 நாள் அப்படியே இருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்தது. இனி எல்லாத் தொழிலுக்கும் உண்டு. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்குதான். 51 சதவீத ஆதரவுள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி ஒன்று இல்லாவிட்டால் 20 சதவீதத்துக்குக் குறையாத சங்கங்கள் சேர்ந்த குழு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர் குழு கட்டாயம், அதில் பெண்கள் அவர்கள் விகிதத்துக்கேற்ப இருக்க வேண்டும். நம் நகராட்சிகளில் இந்தக் குழு காகிதத்தில்கூட இல்லை. தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்க்கின்றன. அதில் சங்கம் நிலைப்பாடு எடுக்கவில்லை, ஆனால் குறைதீர் குழு அமைக்க யாருடைய எதிர்ப்பும் தடையில்லை.

"தொழிற்சங்கத்துக்கு ஆள் தயார் பண்றீங்களா?" என்று ஓர் உறுப்பினர் கடிதமே எழுதினார். அவருக்கு நேரிலும் பதில் சொன்னேன். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் எஸ்மாவில் (அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில்) சுமார் 1.7 லட்சம் பேர் வேலை இழந்தார்களே, அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையல்ல என்று ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் சொன்னபோது வயிறு கலங்கியவர்கள் நாம். 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தப் பந்தலிலும் இருந்தோம். ஒரு மாதம் கோரிக்கை அட்டை பிடித்துவிட்டு, அடுத்த மாதம் கோரிக்கை மனு வாங்கும் ஆட்கள் நாம். இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே கூட்டம் என்று பெருமைப்படலாம், பயன்படுத்தினால்.

குறையும் சொல்ல வேண்டும். பொறியியல் பிரிவிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. குடிநீர்ப் பிரிவில் தகராறு வந்தால் அதைச் சுகாதாரப் பிரிவு வந்து பேசித் தீர்க்காது. மன்ற உறுப்பினர்களுக்கு அழைப்பு அனுப்பியும் இரண்டு பேர்தான் வந்தார்கள், அதில் ஒருவர் மதிய உணவோடு கிளம்பிவிட்டார். வரும் ஆண்டில் மன்றத் தலைவர்களுக்குத் தனியாக அரை நாள் அமர்வு வைக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. புதிய தொகுப்புகளைத் தமிழில் கேள்வி-பதிலாக ஒரு கையேடாகக் கொண்டுவரும் வேலையும் தொடங்கியிருக்கிறது. பிழை திருத்த ஆள் வேண்டும், கண் நன்றாகத் தெரிபவர்கள் பெயர் கொடுக்கவும்.

மற்றவை: ஓய்வு பெற்ற உறுப்பினர்களுக்கு ஜனவரியில் பாராட்டு விழா நடந்தது. பொங்கல் கயிறு இழுக்கும் போட்டியில் பேரூராட்சி அணி வழக்கம்போல் வென்றது. மறைந்த உறுப்பினர்களின் குடும்பங்களுக்குக் குடும்ப நல நிதி வழங்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் வாசலில் இருக்கும் மேசையில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

அறிக்கையின் மேல் கேள்விகள் இருந்தால் பதில் சொல்கிறேன். பேரவை இதை விவாதித்து ஏற்றுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்