பெரிய கோணங்களும் கால்குலேட்டரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாயிரம் பாகை, இருபதாயிரம் பாகை என்று வாய்க்கு வந்த எண்களைக் கொடுத்து, அவற்றின் சைன், காஸ் மதிப்புகளைக் கால்குலேட்டர் இல்லாமல் காணச் சொல்வது மாணவர்களை வீணாக வதைப்பதாகும் என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். பல ஆண்டுகள் முக்கோணவியல் நடத்தியவன் என்ற முறையில் அவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வதை உண்டுதான், அது வருவது நாங்கள் சொல்லித்தரும் முறையால்.

ஒருமுறை வகுப்பில் சைன் 750° என்ன என்று கேட்டேன். மாணவி ஒருத்தி கருவியைத் தட்டிப் பார்த்து 0.745 என்றாள். கருவி பாகைக்குப் பதிலாக, கோணத்தின் மற்றோர் அலகான ரேடியனில் (ஒரு முழுச் சுற்று 2π ரேடியன்) வைக்கப்பட்டிருந்தது. சைன் மதிப்பு எதுவாயினும் −1க்கும் 1க்கும் இடையில்தான் நிற்கும் என்பதால், அந்த விடை யார் கண்ணையும் உறுத்தவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் அதையே எழுதிக்கொண்டார்கள். இரண்டு முழுச் சுற்றுக்கு 720 பாகை, அதைக் கழித்தால் மீதி 30, விடை 0.5 என்று மனத்தளவில் போட்டுப் பார்க்கப் பழகியிருந்தால் அந்தத் தவறு அங்கேயே பிடிபட்டிருக்கும்.

கோணம் எவ்வளவு பெரிதானாலும், செய்ய வேண்டியது முதலில் முழுச் சுற்றுகளைத் தள்ளுவதுதான். 12345 பாகையை எடுத்துக்கொள்வோம். 360ஆல் வகுக்கப் பலர் தயங்குவார்கள். ஆனால் பத்துச் சுற்றுக்கு 3600 என்பது நினைவில் இருந்தால், அதை மூன்று முறை கழித்து 1545க்கு வந்துவிடலாம். பின்னர் நான்கு சுற்றுக்கான 1440ஐயும் கழித்தால் 105 மிஞ்சும். அது வட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில் (90 முதல் 180 பாகை வரை) கிடைமட்ட அச்சுக்கு 75 பாகை தூரத்தில் நிற்கிறது; அங்கே சைன் நேர்க்குறி உடையது. 75ஐ 45, 30 எனப் பிரித்தால் (√6+√2)/4, அதாவது ஏறத்தாழ 0.966 கிடைக்கும். டேனுக்கு இன்னும் எளிது. அது அரைச் சுற்றிலேயே திரும்பி வருவதால் 105இலிருந்து 180ஐக் கழித்து −75 என்று வைத்துக்கொண்டு, −(2+√3) என்று உடனே எழுதிவிடலாம். பத்து லட்சம் பாகை என்றாலும் மீதி 280தான். சைன் 280° என்பது −காஸ் 10°. சிறிய கோணமானால், ரேடியனில் அதன் வர்க்கத்தில் பாதியை 1இலிருந்து கழித்தாலே காஸ் மதிப்பு ஏறத்தாழக் கிடைத்துவிடும். 10 பாகை 0.1745 ரேடியன், அதன் வர்க்கத்தில் பாதி 0.0152, அதை 1இலிருந்து கழித்தால் 0.9848. ஆக விடை −0.9848, நான்கு தசம இடம் வரை கையாலேயே வந்துவிட்டது.

இவ்வளவு நேரான வேலையை நாங்கள் எப்படிச் சிக்கலாக்குகிறோம் என்று பாருங்கள். கோணத்தை 90இன் மடங்காகப் பிரி, மடங்கு ஒற்றைப்படையானால் சைனைக் காஸாக மாற்று, இரட்டைப்படையானால் அப்படியே விடு, பிறகு கால்பகுதியை எண்ணிக் குறி போடு என்று ஒரு விதியை ஒப்பிக்க வைக்கிறோம். சைன் 1230° கேட்டால் மாணவன் 13 × 90 + 60 என்று சரியாகவே பிரிப்பான், சைனைக் காஸ் 60° என்றும் மாற்றுவான். பதின்மூன்று கால்பகுதிகளைக் கடந்தபின் நிற்பது எத்தனையாவது கால்பகுதி என்று விரல்விட்டு எண்ணும்போது ஒன்று தவறிப்போய் −½ என்று முடிப்பான். அவனிடம் வட்டமே இல்லை, விதி மட்டுமே இருக்கிறது. 1080ஐக் கழித்து 150க்கு வந்தவன் இந்த இடத்தில் இடறமாட்டான். 180க்கு 30 குறைவு, மேல் பாதியில் நிற்கிறது, விடை ½ என்பது அவனுக்குக் கண்ணுக்கு முன்னால் தெரியும்.

இதில் புதுமை ஏதுமில்லை. கி.பி. 499ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபடரின் நூலில் உள்ள சைன் அட்டவணை 225 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) இடைவெளியில் 24 மதிப்புகளோடு 90 பாகையில் முடிந்துவிடுகிறது. ஆனால் அவர் கையாண்ட கணக்கிலோ ஒரு யுகத்தில் சூரியன் சுற்றும் சுற்றுகள் மட்டுமே 43,20,000. அகர்கணம் என்னும் நாள் எண்ணிக்கையைக் கோளின் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி, யுகத்தின் நாட்களால் வகுத்து, ஈவாக வரும் முழுச் சுற்றுகளைத் தள்ளிவிட்டு, மீதியைக் கொண்டுதான் கோளின் இருப்பிடத்தைக் கண்டார்கள். அடுத்து, அந்த மீதி ஒற்றைப்படைக் கால்பகுதியில் இருந்தால் கடந்த பாகத்தையும், இரட்டைப்படைக் கால்பகுதியில் இருந்தால் இன்னும் கடக்க வேண்டிய பாகத்தையும் புஜம் என்று எடுத்துக்கொண்டு அட்டவணையைப் பார்த்தார்கள். 105க்கு 75 என்று மேலே நான் எடுத்ததும் அந்தப் புஜத்தைத்தான். சைன் காஸாக மாற வேண்டிய அவசியமே அதில் எழவில்லை.

ரேடியனில் கோணம் தரப்படும்போதுதான் உண்மையான அபாயம் இருக்கிறது. பாடப் பயிற்சிகளில் 37π/6 போன்ற வசதியான எண்களே வருவதால் அது வெளியில் தெரிவதில்லை. சைன் 100 ரேடியன் என்ன? பதினாறு சுற்றுகளைத் தள்ள வேண்டும். π-ஐ 3.14 என்று கொண்டால் பதினாறு சுற்று 100.48, மீதி −0.48, விடை −0.462. 22/7 என்று கொண்டால் −0.541. உண்மை விடையோ −0.506. π-இல் மூன்றாம் தசம இடத்தில் விட்ட பிழை, சுற்றுக்கு இரண்டு என்ற கணக்கில் 32 மடங்காகப் பெருகி விடையையே கவிழ்த்துவிட்டது. கோணம் வளர வளர π-க்குக் கூடுதல் இலக்கங்கள் தேவைப்படும்.

கருவி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று அன்பர் கேட்கிறார். கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. 10²² போன்ற மிகப் பெரிய எண்ணுக்குச் சைன் கேட்டால், 2π-இன் மடங்குகளைத் தள்ளுவதற்கு π-இன் இலக்கங்கள் போதாமல் முன்பெல்லாம் பல கணினிகள் தடுமாறின. இந்தக் குறையைப் போக்குவதற்கான வழியொன்றைப் பெய்ன், ஹனெக் என்னும் இருவர் 1983இல் வெளியிட்டார்கள். இன்றைய கணினி நிரல் நூலகங்கள் பலவற்றில் அந்த வழி இருக்கிறது.

ஆகவே, வினாத்தாள் அமைப்போருக்கு இரண்டு வேண்டுகோள்கள். பெரிய கோணங்களைக் கேட்கும்போது, தள்ளிய சுற்றுகள் எத்தனை, மீதி நிற்கும் கால்பகுதி எது என்பதற்கு ஒரு சிறு வட்டப்படம் வரையச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் தாருங்கள். மற்றொன்று, சைன் 22 ரேடியன் என்ற கேள்வியை ஒரு முறையாவது கேளுங்கள். 22/7ஐயே π என்று நம்பியவனுக்கு விடை பூச்சியம்; ஏழு அரைச் சுற்றுகள் 21.99115 என்று அறிந்தவனுக்கு அது −0.00885.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்